பழைய அம்பாசடருக்கு எது முதலில்: குளிர்ச்சியா, பிக்கப்பா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் வண்டி பழகிய கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன, ஸ்பானர் பிடிக்கவும் தெரியும். எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா, அலுமினிய ரேடியேட்டர் வாங்கலாமா, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாமா, இல்லை இன்ஜினையே மாற்றிவிடலாமா? மெக்கானிக் ஒன்று சொல்வார். வீடியோக்கள் வேறொன்று சொல்லும். வருடக்கணக்கில் டாக்ஸி ஓட்டிய அண்ணன் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி எப்போது, எங்கே சூடாகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். தெரிந்துகொண்டு பார்த்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு வேண்டியது மூன்றுதான்: இருக்கிற ரேடியேட்டரை ஒழுங்காகச் சரிசெய்வது, ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு, தள்ளாடாத இக்னிஷன். சக்தியைக் கூட்டும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகு. காரணம் எளிது. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வண்டியை நகர்த்தப் போவதில்லை. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர்தான் ரேடியேட்டருக்குச் சுமந்து வர வேண்டும். அதிக சக்தி எடுத்தால் அதிக சூட்டையும் சேர்த்தே எடுக்கிறோம். இருக்கிற சூட்டையே வெளியேற்ற முடியாத வண்டியில் பிக்கப்பைக் கூட்டுவது அதன் ஆயுளைக் குறைப்பதுதான்.

ஆசை எங்கிருந்து வருகிறது

இந்த இன்ஜினின் பூர்வீகம் தெரிந்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இன் இந்தியப் பிறவி. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை செய்துகொண்டே இருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கும் 1489 சிசி இன்ஜின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரீஸ். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்தின் இதே 1489 சிசி இன்ஜின்தான். அங்கே இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 8.3-க்கு 1 அழுத்த விகிதம். முதலில் 68 குதிரைத்திறன், சீக்கிரத்திலேயே 72. நம் அம்பாசடரில் ஏறத்தாழ 50. அந்த வித்தியாசத்தைப் பார்த்தவுடன், "பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், திறந்தால் போதும்" என்று தோன்றும்.

ஆனால் எம்.ஜி.ஏ. தாழ்வான, இரண்டு பேர் உட்காரும் வண்டி. எடை சுமார் 900 கிலோ. அது ஓடியது இங்கிலாந்துக் குளிரில். அம்பாசடர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல். அதில் ஆறு பேரை ஏற்றி, டிக்கியில் மூட்டையும் வைத்து, மே மாதம் வேலூர் வழியாகப் போகிறோம். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்பதால் முரட்டு இன்ஜின்தான், கொஞ்சம் சூட்டைத் தாங்கும். இன்னொரு குணமும் உண்டு, அதை மறக்கவே கூடாது: இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேதான் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டியில் குளிர்ச்சியும் சக்தியும் தனித்தனி விஷயமாக இல்லாததற்கு அதுவே பாதிக் காரணம்.

சிக்னலிலா, நெடுஞ்சாலையிலா, மலையிலா?

எந்தப் பொருளையும் விலை கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

தாம்பரம், பெருங்களத்தூர் மாதிரி நெரிசலில் நின்று நின்று போகும்போது சூட்டு முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தவுடன் இறங்குகிறது என்றால் குறை காற்றில். ரேடியேட்டர் வழியாகப் போதுமான காற்று இழுக்கப்படவில்லை. ஃபேன், பெல்ட், கூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மாறாக, நெரிசலில் சமாளித்துவிட்டு, உளுந்தூர்பேட்டை ரோட்டில் 80-இல் போகும்போது சூடு ஏறினால் குறை காற்றில் இல்லை. அந்த வேகத்தில் காற்று தானாகவே வந்து மோதுகிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தாமதமான டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), மெலிந்துபோன பெட்ரோல் கலவை (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). இவற்றில் எதற்கும் எலெக்ட்ரிக் ஃபேன் மருந்தாகாது.

மலை ஏறும்போது மட்டும் சூடானால், அதாவது ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இழுக்கும்போது சூடானால், இரண்டும் சேர்ந்த குறை. லோடு முழுசாக இருக்கிறது, காற்று குறைவாக இருக்கிறது. ஆரோக்கியமான அம்பாசடரும் அங்கே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அது கொதிக்காமல் நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டை மட்டும் அளக்கும். பட்டறைகளில் பயன்படும் வகை வேண்டும். பளபளக்கும் பித்தளையில் காட்டினால் பொய் சொல்லும். ரேடியேட்டரின் மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் ஆளுக்கொரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் மேலே 88, கீழே 80 என்றால் ரேடியேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது, காற்று போதவில்லை. கீழே மட்டும் வெகுவாகக் குளிர்ந்து கிடந்தால் தண்ணீரே சரியாகச் சுற்றவில்லை. பிறகு இரண்டு டேங்குக்கும் நடுவே குழாய்கள் ஓடும் கோர் முழுக்க இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு பட்டை மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, தண்ணீரைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது சரியாகும் வரை இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வேலையும் பயன் தராது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள்; முகம் வெந்துபோகும்.

தகரக் கூடா, எலெக்ட்ரிக் ஃபேனா

சிக்னலில் சூடாகும் வண்டிக்கு இந்த இரண்டில்தான் போட்டி. இளைஞர்கள் எல்லோரும் எலெக்ட்ரிக் ஃபேன் பக்கம்தான் சாய்கிறார்கள். நான் முதலில் கூட்டைத்தான் சொல்வேன்.

அம்பாசடரின் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஐடிலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். இது பிறவிக் குறை. ஆனால் அந்தக் குறைந்த காற்றிலும் ஒரு பகுதி ரேடியேட்டர் வழியாக வருவதில்லை. இறக்கையின் நுனியைச் சுற்றி, இன்ஜின் அறையின் சூடான காற்றே முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. ஃபேனைச் சுற்றிக் கூடு அமைத்தால், ஃபேன் இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

செய்வது கஷ்டமில்லை. முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்து அளவு பார்க்க வேண்டும். பிறகு 20 கேஜ் ஜி.ஐ. தகரத்தில் டிங்கரிங் பட்டறையில் மடித்து வாங்கலாம். இறக்கை நுனிக்கும் கூட்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் தொய்ந்திருந்தால் கியர் போடும்போது இன்ஜின் ஆடி இறக்கை கூட்டில் உரசும், ஆகவே மவுண்ட்டை முதலில் பாருங்கள். இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருக்க வேண்டும். முழுவதையும் உள்ளே தள்ளினால் காற்று வெளியேற வழியில்லாமல் திணறும். ரேடியேட்டர் விளிம்போடு சேரும் இடத்தில் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டி இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள். கூடு போடுவதற்கு முன்னும் பின்னும் ஐடிலில் ஒரு செய்தித்தாளைக் கிரில் பக்கம் ரேடியேட்டர் மேல் வைத்துப் பாருங்கள். முன்பு நழுவி விழுந்த தாள் இப்போது ஒட்டிக்கொண்டு நின்றால் வேலை சரி.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு உண்மையான பலம் உண்டு. இன்ஜின் வேகம் எதுவானாலும் முழுக் காற்று தரும். வேகமாகப் போகும்போது நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் சக்தியும் மிச்சம். ஃபேனின் வேகம் இரட்டித்தால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும் என்பது காற்றியல் கணக்கு. பெல்ட்டில் ஓடும் ஃபேன் நெடுஞ்சாலையில் வீணாகத்தான் தின்கிறது. புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ மாருதி வண்டிகளில் கழற்றிய ஃபேன் சுலபமாகக் கிடைக்கும்.

சிக்கல் கரண்டில். பழைய அம்பாசடரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ. லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 20 ஆம்பியரை ஒட்டித்தான். ஐடிலில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும், அதாவது சார்ஜே இல்லை. இப்போது ராத்திரி நெரிசலைக் கணக்குப் போடுங்கள்: ஹெட்லைட் 10 ஆம்பியர், இக்னிஷன் காயில் 3 அல்லது 4, பின் விளக்கும் மீட்டர் விளக்கும் 2, ஃபேன் 8. எல்லாமே பேட்டரியிலிருந்து போகிறது. நெரிசலில் சூட்டைத் தவிர்க்க ஃபேன் போட்டு, அதே நெரிசலில் பேட்டரி இறங்கி வண்டியைத் தள்ள வேண்டி வரும். ஆகவே எலெக்ட்ரிக் ஃபேனின் உண்மையான விலை ஃபேனும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தது. பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருப்பது) இருந்தால் ஆல்டர்னேட்டர் வைப்பதற்கு முன் அதையும் மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே உள்ள பிந்தைய வண்டி என்றால் என் பதில் மாறும். நகரத்திலேயே ஓடும் வண்டிக்கு எலெக்ட்ரிக் ஃபேன் நல்ல தேர்வு. ஏ.சி. வெளியில் வாங்கிப் பொருத்திய வண்டிக்கு அது கட்டாயம். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது, கம்ப்ரசரும் இன்ஜினிலிருந்து சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்கிறது.

போடுவதாக இருந்தால் முறையாகப் போடுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து இழுக்கும் வகையாக இருக்கட்டும். முன்னாலிருந்து தள்ளும் வகை, ஃபேன் ஓடாமல் நிற்கும்போது வருகிற காற்றையே மறைக்கும். சுவிட்சிலிருந்து நேராக ஒயர் இழுக்காமல் ரிலே, பேட்டரிக்குப் பக்கத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். கையால் போடும் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், மறந்துபோகும். 92 டிகிரியில் ஓடத் தொடங்கி 87-இல் நிற்கும் தெர்மோ சுவிட்சை ரேடியேட்டரில் ஈயத்தால் பற்ற வைத்து, கையால் போடும் சுவிட்சை அதற்குத் துணையாக வையுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். செய்தித்தாள் சோதனை அதையும் காட்டிக்கொடுக்கும். பழைய ஃபேனைக் கழற்றிய பிறகு அதே நீள போல்ட்டைத் திரும்பப் போட்டால் புல்லி இறுகாமல் போகலாம். வாஷர் கொடுங்கள், இல்லை குட்டை போல்ட் வாங்குங்கள்.

பித்தளையைச் சரிசெய்வதா, அலுமினியம் வாங்குவதா

செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும், ஆகவே பழசுதான் உயர்வு என்று ஒரு கட்சி. புதிய வண்டிகள் எல்லாம் அலுமினியம், ஆகவே அதுதான் உயர்வு என்று எதிர்க்கட்சி. செம்பு கடத்துவது உண்மைதான். ஆனால் பழைய ரேடியேட்டரில் குழாய் பித்தளை, இணைப்பு ஈயப் பற்று, குழாய்கள் குறுகல். அலுமினியத்தில் அகலக் குழாய் போட முடிகிறது. புதிதாக இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நல்ல அலுமினியம் கொஞ்சம் முந்தலாம்.

நான் பித்தளை பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. நடுவழியில் ஒழுகினால், பித்தளை ரேடியேட்டரைப் பற்ற வைக்க எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார். மேல் டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் தட்டைக் கம்பி விட்டு உப்பைச் சுரண்டி, மறுபடி பற்ற வைத்துக் கொடுப்பார். அலுமினியம் விரிசல் விட்டால் அந்த வேலைக்கேற்ற வெல்டிங் வேண்டும். கிடைக்கும் இடங்கள் குறைவு. கம்பி விட்டும் சரியாகாத அளவுக்குக் கோர் அரித்திருந்தால் புதுக் கோர் போட்டு வாங்குங்கள். அப்போது ஒரு வரிசை குழாய் கூடுதலாகப் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். டேங்கின் அகலம் இடம் கொடுத்தால் செய்வார்கள். அளவுக்குச் செய்த அலுமினிய ரேடியேட்டர், இன்ஜினையும் மாற்றி ஏ.சி.யும் போட்டவர்களுக்கானது.

மூடியில் கைவைப்பவர்களும் உண்டு. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும், ஆகவே அதிக அழுத்த மூடி போட்டால் கொதிக்காது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரி. ஆனால் அது சூட்டைக் குறைப்பதில்லை, கொதிப்பதைத் தள்ளிப்போடுகிறது. பழைய பற்றும் பழைய ஹீட்டர் ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கம்பெனி சொன்ன அளவிலேயே புது மூடி வாங்குங்கள். ரப்பர் காய்ந்த பழைய மூடியைவிட அது எவ்வளவோ மேல்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு வியாதி இருக்கிறது: போர் தண்ணீர். குளிக்கும் வாளியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, சூடான பிளாக்கின் உட்சுவரிலும் படிகிறது. கூலன்ட் நமக்குத் தேவைப்படுவது உறைபனிக்காக அல்ல, துருவைத் தடுக்க. வெறும் தண்ணீர் வெப்பத்தைச் சுமப்பதில் கூலன்டில் உள்ள கிளைக்கால் கலந்த தண்ணீரைவிட உயர்ந்தது, அதனால் பாதிக்குப் பாதி கலக்க வேண்டியதில்லை. கேனில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கலந்து, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். செம்பு, பித்தளை, ஈயப் பற்றுக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருக்கும் பழைய வகைக் கூலன்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா

"நம்ம ஊருக்கு அது தேவையே இல்ல சார், கழட்டிப் போட்டுடலாம்." இந்த வாக்கியத்தைக் கேட்காத அம்பாசடர்காரர் இருக்க முடியாது. கழற்றாதீர்கள். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சிக்னலில் சூடாகும் வண்டியில் அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கிறது. கழற்றினால் காற்று கூடப்போவதில்லை. விடியற்காலையில் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. பெட்ரோல் முழுசாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், ஆயிலில் ஈரம் சேர்ந்து சேறு கட்டும், மைலேஜும் இறங்கும்.

பழசு சந்தேகமாக இருந்தால் அடுப்பில் சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டர் 82-ஐத் தொடும்போது (உங்களுடையதில் எந்த எண் குத்தியிருக்கிறதோ அந்த எண்ணில்) வால்வு அசையத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது முழுசாகத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதுசு வாங்குங்கள், அது விலை உயர்ந்த பொருளே அல்ல.

இக்னிஷன்: ஒரே செலவில் இரண்டு லாபம்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. சூட்டையும் குறைக்கும், பிக்கப்பையும் மீட்டுத் தரும்.

ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டின் குதிகால் சுற்றும் கேம் மீது உரசிக்கொண்டே இருக்கிறது. குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது, இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, டைமிங் பின்வாங்குகிறது. தாமதமாக எரியும் கலவை பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில், எக்ஸாஸ்ட் வால்வையும் போர்ட்டையும் ஹெட்டையும் சூடேற்றிவிட்டு வெளியே போகிறது. யாரும் தொடாமலேயே வண்டி மந்தமாகவும் சூடாகவும் ஆவதற்கு இதுவே பொதுவான காரணம். ஓட்டுபவருக்கு அது நாளாக நாளாகப் பழகிவிடுவதால் தெரிவதில்லை.

செலவில்லாத தேர்வு, பாயிண்டை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அமைத்து, டைமிங் லைட் போட்டுப் பார்ப்பது. அப்போதே, இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே நகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸையும் பாருங்கள். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டு நகர வேண்டும், நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது சூடாகும் பல வண்டிகளில் குற்றவாளி இந்தச் சின்ன ரப்பர் தட்டுதான்.

இரண்டாவது தேர்வு, அதே லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல். உரசுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே தேய்வதற்கும் ஒன்றுமில்லை. வைத்த டைமிங் வைத்தபடியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பழைய வண்டியாகவே தெரியும். குறை ஒன்றுதான்: பாயிண்ட் போனால் உப்புத்தாளில் தேய்த்து வீடு வந்து சேரலாம், மாட்யூல் போனால் அங்கேயே நிற்க வேண்டும். ஆகவே கழற்றிய பாயிண்டையும் அதனோடு இருந்த கண்டென்சரையும் (ஏ.சி. கண்டென்சர் அல்ல) தட்டோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் மாட்யூல் வாங்குவதற்கு முன்பே லேத்தில் கொடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போதைய பெட்ரோலும் பழைய கார்புரேட்டரும்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டு வருகிறது. முன்பு வைத்த கார்புரேட்டர் அமைப்பு இப்போது மெலிந்த கலவையாகிவிடுகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும், வண்டி இழுக்காது. எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள வண்டியில் இது கையாலேயே தீரும். பெட்ரோல் வரும் சிறு குழாயான ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டைக் கீழ்நோக்கித் திருகினால் கலவை தடிக்கும். ஒவ்வொரு முகமாகத் திருப்பி, பக்கவாட்டுக் குச்சியால் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் விழுந்தால் கலவை மெலிவு. ஏறி அப்படியே நின்றால் தடிப்பு. லேசாக ஏறி உடனே பழையபடி ஆனால் சரி. முடித்தபின் புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலுக்கு ஏற்றவை அல்ல. மாற்றாமல் விட்டால் கசியும், சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கசிவதென்றால் தீ விபத்து. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கும் வேப்பர் லாக்குக்கு ஈரத் துணியைப் பம்பில் சுற்றும் பழைய வித்தை அவசரத்துக்கு இன்னும் வேலை செய்கிறது. நிரந்தரத் தீர்வு, கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு. மேனிஃபோல்டைத் தொடாமல், இரண்டு பக்கமும் காற்று போகும்படி அது நிற்க வேண்டும். பழைய பட்டறை வழக்கப்படி ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவதை அறவே விட்டுவிடுங்கள், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

சக்திக்கு எவ்வளவு தூரம் போகலாம்

குளிர்ச்சி வேலை முடிந்தபின் நான் முழு மனதோடு சொல்வது குளிர்ந்த காற்றுக் குழாய் மட்டும்தான். இன்ஜின் அறைக்குள் காற்று 60 டிகிரி, வெளியே 38 என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் அதிகம். மூன்று அங்குல வளையும் குழாய் ஒன்றைக் கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஏர் கிளீனர் வாய்க்குக் கொண்டுவந்தால் அந்த லாபம் கிட்டத்தட்ட இலவசம். குழாயின் வாய் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே வேண்டாம். ஐப்பசி மழையில் வேளச்சேரி வழியாகப் போக நேர்ந்தால் இன்ஜின் தண்ணீர் குடித்துவிடும்.

இரட்டை எஸ்.யூ., மூன்று கிளை எக்ஸாஸ்ட், ஹெட்டைச் செதுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் எம்.ஜி.ஏ. எண்களை நெருங்கும். ஒன்றை மட்டும் செய்தால் சத்தம்தான் கூடும். வெறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சருக்குக் கொடுக்கும் பணத்தை நான் இக்னிஷனுக்குக் கொடுப்பேன். ஹெட்டைச் செதுக்கினால் திரும்ப ஒட்ட முடியாது. நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வந்தால் டைமிங்கைப் பின்வாங்க வைத்து, சம்பாதித்த சக்தியைச் சூடாக மாற்றிக்கொண்டிருப்போம்.

கடைசியாக இன்ஜின் மாற்றம். 1992 முதல் கம்பெனியே 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் அம்பாசடரில் கொடுத்தது. அதனால் பொருத்த முடியுமா என்ற கேள்வியே இல்லை. பொருந்தும், வண்டியின் குணமே மாறும். ஆனால் அதற்குத் தகுந்த ரேடியேட்டர் வேண்டும். பழைய வண்டியின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அந்த வேகத்தில் ஏற்காட்டு மலையிறக்கத்தில் அவை சூடேறித் தளர்ந்தால் இன்ஜினின் பெருமை உதவாது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் போடாமல் இன்ஜினைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

சட்டமும் இருக்கிறது. ஃபேன், கூடு, இக்னிஷன் மாட்யூல் போன்றவை வண்டியின் அடிப்படை அடையாளத்தை மாற்றுவதில்லை. இன்ஜின் மாற்றம் அப்படியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அங்கே பிளாக்கில் உள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் வண்டி வெளியே வராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதே எண்ணைத்தான் பார்க்கும். ஆகவே இசுசு இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், எழுத்து மூலமான அனுமதி கிடைக்குமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.